பந்தை விடும் கை

உதையைப் பார்க்க வந்தவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றால், அவனைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பான் கார்த்திகன். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் காலுக்கு வேலை கடைசியில்தான் வருகிறது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி, இடுப்பளவில் அதைக் கைவிட்டு, நிலத்தைத் தொடுமுன் உதைக்க வேண்டும். பந்து கையை விட்டு நேராக இறங்கினால் எந்தச் சோம்பேறிக் காலும் அதைத் தூர அனுப்பிவிடும். கோணலாக இறங்கினால், யார் வந்து உதைத்தாலும் அது பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோவாவுக்குள்தான் போய் விழும். ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் அவன் பயிற்சி கொடுத்த மைதானத்துக்குப் பக்கத்தில் உண்மையிலேயே காய்கறித் தோட்டங்கள் இருந்தன. அந்தத் தோட்டக்காரக் கிழவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே கார்த்திகனுடைய டொச் மொழி திருந்தியது.

அவன் வளர்ந்தது மெல்பேர்ணில். பள்ளிக்கூடக் காலத்தில் இந்த விளையாட்டை நன்றாகவே விளையாடினான். முழங்கால் போனது, விளையாட்டும் போனது. பிறகு அன்ரனிற்றாவைக் கலியாணம் செய்துகொண்டு ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தான். கிழமை நாட்களில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் மற்றவர்களுடைய முழங்கால்களை மடக்கி நிமிர்த்துவான். சனிக்கிழமைகளில், ஊரே உருண்டைப் பந்துக்குப் பைத்தியம் பிடித்து அலைகிற கெல்சென்கிர்ச்சனில், இருபது பெண்களுக்கு நீளப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுப்பான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மெல்பேர்ணில் ஒரு பெண்கள் கழகம் அவனிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருந்தது. ஐரோப்பாவில் யாராவது தேறுவார்களா என்று அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் உதையைப் படம் பிடிப்பான், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான், இந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு தூரம் வளரும், எங்கே நின்றுவிடும் என்று சொல்லுவான். அதில் தாட்சண்யமே கிடையாது. "நல்ல பிள்ளை, நல்லா ஓடுது, ஆனால் வராது." அவ்வளவுதான் தீர்ப்பு. எத்தனை ஜேர்மன் பெட்டைகள் அவனுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சியிருப்பார்கள்! அவன் திரும்பிப் பார்த்ததில்லை.

கவிசா விடயத்தில்தான் மனுசன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

கவிசா அன்ரனிற்றாவின் தங்கை, அவனுக்கு மச்சாள். நாலு வருடத்துக்கு முந்தி, காரை எடுத்துப்போக அக்காவிடம் திறப்பு வாங்க மைதானத்துக்கு வந்தவள், காலடிக்கு உருண்டு வந்த பந்தைத் திருப்பி அனுப்பினாள். சாதாரணச் செருப்போடு, இடது காலால், பெரிய யோசனை ஒன்றும் இல்லாமல். பந்து எழும்பிப் போய் மைதானத்தின் மறுகரையில் விழுந்தது. அம்மாடியோவ்! அப்படியொரு இடது காலைக் கார்த்திகன் மெல்பேர்ணில்கூட அடிக்கடி கண்டதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் சட்டம் பேசுகிற அவன் அன்றைக்கு அந்தக் காலைத்தான் பார்த்தான். கையை மறந்தே போனான்.

அடுத்த கிழமை அவள் கையில் பந்தைக் கொடுத்தபோது கோளாறு தெரிந்தது. இடது காலால் உதைக்கிறவர்கள் இடக்கையால்தான் பந்தை விடுவார்கள். கை காலுக்கு நேர் மேலே இருக்கும். இவளோ வலக்கையில் பந்தை வைத்துக்கொண்டு, உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, இடது காலில் போட்டாள். போகிற வழியில் பந்து சரிந்தது. மூன்றில் ஒன்று அற்புதமாகப் போகும், இரண்டு முட்டைக்கோவாவுக்குள் போகும்.

"என்ன அத்தான், சரிவருமோ?" என்று கவிசா கேட்டாள்.

"உது பழக்கதோசம். இஞ்ச எல்லாருக்கும் இருக்கிறதுதான். கெதியில திருத்தலாம்."

அவன் பொய் சொல்லவில்லை. மெல்பேர்ண் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே அந்தப் பந்தோடு வளருகிறார்கள். ஐரோப்பாக்காரருக்குப் பந்தை எந்தக் கையில் பிடிப்பது என்பதே வளர்ந்த பிறகுதான் தெரியவரும். பிந்தி வந்த பழக்கம் வந்த வழியே போய்விடும் என்பது அவனுடைய கணக்கு. அப்படி எத்தனையோ கைகளை அவன் திருத்தியிருக்கிறான்.

கவிசாவும் சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்தாள். பல் வைத்தியரிடம் உதவியாளராக நாள் முழுக்க நின்றுவிட்டு, அப்படியே மைதானத்துக்கு வந்துவிடுவாள். பந்தை இடக்கையால் விடு, திரும்ப எடு, இடக்கையால் விடு. மழை, பனி, எதுவும் பார்க்கவில்லை. மெல்ல மெல்ல வந்தது. யாரும் இடைஞ்சல் செய்யாமல் விட்டால், இடக்கை பந்தை நேராக இறக்க, அந்தக் கால் அதை அள்ளிக்கொண்டு போகும். பார்க்க அழகாக இருக்கும். யாராவது மோத வந்தால்தான் வலக்கை முந்திக்கொள்ளும். அதுவும் போய்விடும் என்று கார்த்திகன் நம்பினான். நம்ப ஆசைப்பட்டான் என்று சொன்னால் இன்னும் சரி.

அந்த அழகான உதைகளை மெல்பேர்ணுக்கு அனுப்பினான். கழகத்தில் ஆட்களைத் தெரிவுசெய்கிற ட்ரேசி என்பவள் உடனே அழைத்தாள். செப்டெம்பரில் தானே வருவதாகவும், ஐரோப்பாவிலிருந்து ஒருத்தியை எடுக்க ஒரே ஓர் இடம் இருப்பதாகவும், அந்த இடத்துக்குக் கவிசாவைத்தான் மனதில் வைத்திருப்பதாகவும் சொன்னாள். கவிசா வேலையை விடுவதாகக் குண்டிகுங் எழுதிக் கொடுத்துவிட்டாள். பல் வைத்தியர் வேறு ஆளையும் எடுத்துவிட்டார்.

தகப்பன் ஆனந்தராசா முதலில் குதித்தார். "பொம்பிளைப் பிள்ளை முட்டைக்குப் பின்னால ஓடுறதோ? உதென்ன விசர் விளையாட்டு?" என்றார். அவுஸ்திரேலியா என்ற சொல் காதில் விழுந்ததும் மனுசன் அடியோடு மாறிப்போனார். ஆவணியில் தமிழ்ச் சனம் எல்லாம் திரளுகிற கேவலார் மாதா திருவிழாவில், கண்டவர் நின்றவர் எல்லோரையும் மறித்து, "என்ர கடைசிப் பிள்ளை மெல்பேர்ண் போறாள், ரீமில எடுத்திருக்கினம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்னும் எடுக்கவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கார்த்திகனும் குனிந்து ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தினான்.

அதற்கு அடுத்த ஞாயிறு கார்த்திகனின் மகளுக்குப் பிறந்தநாள். மாமா ஆனந்தராசா வீட்டில்தான் கொண்டாட்டம். கவிசா மட்டும் பயிற்சிக்குப் போயிருந்தாள். பிள்ளை மேசையில் எட்டி ஒரு மீன் கட்லெட்டை எடுத்தது. ஆனந்தராசா அதை மெதுவாகப் பறித்து மற்றக் கையில் வைத்தார்.

"அந்தக் கை வேண்டாம் அம்மா. சோத்துக்கையால சாப்பிடு."

மாமி றீற்றா சிரித்தார். "சித்திக்காரியை உரிச்சு வைச்சிருக்கிறாள்."

"எந்தச் சித்தி?" என்று கார்த்திகன் கேட்டான்.

"வேற ஆர், கவிசாதான். அவள் பிறந்ததிலயிருந்து இடக்கை. கரண்டியும் இடக்கை, பென்சிலும் இடக்கை. ஒருக்கா கேவலாரில பூசைக்குள்ள இடக்கையால சிலுவை போட்டாளே! சனமெல்லாம் பார்த்தது. எனக்கு முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன, நான்தான் திருத்தினான்," என்றார் ஆனந்தராசா பெருமையோடு. "இடக்கையில ஒரு சொக்ஸை மாட்டி மணிக்கட்டில இறுக்கிக் கட்டிவிட்டன். விடியக் கட்டினால் படுக்கேக்கதான் அவிழ்க்கிறது. தானாக் கழட்டினால் அடி. ஒரு குளிர்காலம் முழுக்க, தம்பி. கின்டர்கார்டன் ரீச்சர் கூப்பிட்டு, பிள்ளையை விடுங்கோ எண்டு பெரிய பிரசங்கம் வைச்சவ. இவங்களுக்கு என்ன தெரியும்? இவங்கள் முள்ளுக்கரண்டியே இடக்கையில பிடிக்கிற ஆக்கள். இப்ப பாரும், எவ்வளவு வடிவா எழுதுறாள்."

"அவளுக்கு இது தெரியுமோ மாமா?"

"அவளுக்கு மூண்டு வயசு. ஒண்டும் ஞாபகமில்லை. நாங்களும் சொல்லிக் காட்டேல்லை."

"இடது காலை யோசிக்கேல்லையோ?" என்று கார்த்திகன் எப்படியோ கேட்டுவிட்டான்.

"காலுக்கென்ன தம்பி? காலால ஆர் சாப்பிடுறது?"

மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்ரனிற்றாவும் சிரித்தாள். கார்த்திகன் எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தான். இருபது வயதில் வந்த பழக்கம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்! நாலு வருடமாக ஊரெல்லாம் கையைப் பார் கையைப் பார் என்று கத்திவிட்டு, அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்கவில்லை. அவன் மேல் அவனுக்கே அருவருப்பு வந்தது.

அடுத்த பயிற்சியில் அவன் வேறு ஆளாக நின்று பார்த்தான். கவிசா தனியே உதைத்தாள். இடக்கை, நேரான பந்து, தூரம். பிறகு ஒருத்தியை அவள் மேல் ஓடிவரச் சொன்னான். ஓடிவந்தவளின் காலடிச் சத்தம் கேட்டதும் வலக்கை பாய்ந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டது. பிடுங்கியது என்பதுதான் சரியான சொல். இவ்வளவு காலமும் அதை அவசரம் என்று எண்ணியிருந்தான். அது அவசரமில்லை, பயம். இடக்கையை நீட்டினால் அடி விழும் என்று மூன்று வயதில் அந்த உடம்பு படித்திருந்தது. பயமில்லாத நேரத்தில் அதற்கு எதையும் கற்றுக்கொடுக்கலாம். பயம் வந்தால் அது தன் முதல் பாடத்துக்குத்தான் ஓடும். இந்த விளையாட்டோ பயத்துக்குள் நின்று விளையாடுகிறது. ஒவ்வொரு பந்துக்கும் மேலே யாரோ ஒருத்தி விழ வருவாள்.

வலது காலுக்கு மாற்றிப் பார்த்தான். ஐயோ, அந்தக் காலில் ஒன்றுமே இல்லை.

"என்ன அத்தான், முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்? நல்லாத்தானே உதைச்சனான்?" என்று கவிசா கேட்டாள்.

"ஓம் ஓம். நல்லாத்தான் இருக்குது."

சொல்லியிருக்கலாம். சொன்னால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று பயந்தான். அதைவிட, சொல்லாமல் விட்டால் ஏதாவது அதிசயம் நடந்துவிடாதா என்று உள்ளே ஒரு நப்பாசை. வீட்டில் அன்ரனிற்றாவிடம்கூட மூச்சு விடவில்லை.

ட்ரேசி வந்த அன்று கெல்சென்கிர்ச்சனில் விடாத தூறல். ஹம்பேர்க், பேர்லின் என்று பல இடங்களிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். ஆனந்தராசா குடையோடும், எல்லோருக்கும் சாப்பிடப் போதுமான ரோல்ஸ் அடுக்கிய பெட்டியோடும் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்றார். காலையில் தனித்தனியாக உதைக்கச் சொன்னார்கள். கவிசாவின் முறை வந்ததும் மைதானமே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஈரப் பந்து, கனத்த பந்து. அவளுடைய இடது கால் அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ட்ரேசி கார்த்திகனைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். கவிசா சிரித்தாள். தெய்வமே, இத்தோடு முடித்துவிடு என்று கார்த்திகன் மனதுக்குள் கெஞ்சினான்.

முடிக்கவில்லை. மத்தியானம் ஆட்டம் வைத்தார்கள். முதல் பந்து கவிசாவிடம் வந்தபோது இருவர் அவளை நெருக்கினார்கள். வலக்கை வந்தது. பந்து சரிந்து எதிரணியின் காலடிக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் அவள் இடக்கைக்கு மாற்ற முயன்றாள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தட்டிவிட, பந்து முழங்காலில் பட்டு விழுந்தது. வெளியே யாரோ சிரித்தார்கள். அவள் தன் கைகளை ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடினாள், மோதினாள், விழுந்து எழும்பினாள், எல்லாம் செய்தாள். உதைதான் வரவில்லை. ஹம்பேர்க்கிலிருந்து வந்த லேனா என்ற பெண், பெரிய திறமை என்று சொல்ல முடியாதவள், தன்பாட்டில் நேராக உதைத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ட்ரேசி கார்த்திகனைத் தனியே கூப்பிட்டாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அந்தக் காலுக்காக ஒரு வருடம் காத்திருக்கத் தான் தயார் என்றாள். ஆனால் கவிசாவின் கை திருந்துமா? அவள் உன் மனைவியின் தங்கை என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் நீ இதுவரை என்னிடம் ஒருவரைப் பற்றியும் பிழையாகச் சொன்னதில்லை, உன் சொல்லை வைத்துத்தான் முடிவெடுப்பேன் என்றாள்.

திருந்தும் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் கவிசா மெல்பேர்ண் போவாள். போய், ஆயிரம் பேருக்கு முன்னால் இரண்டு கைகளும் அடித்துக்கொள்ள நிற்பாள். ஏன் என்று தெரியாமலே ஒரு வருடம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கடைசியில் அவர்கள் விமானம் ஏற்றிவிடத் திரும்பி வருவாள். திருந்தாது என்று சொன்னால் இன்றோடு எல்லாம் முடிந்தது. இந்த இரண்டில் எது இரக்கம்? கார்த்திகனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அந்தக் கைதான்.

"திருந்தாது," என்றான்.

ட்ரேசி தலையை ஆட்டினாள். போய்க் கவிசாவின் கையைப் பிடித்துக் குலுக்கி இரண்டு வார்த்தை பேசினாள். அப்படியே நடந்து லேனாவிடம் போனாள்.

கவிசா நேரே அவனிடம் வந்தாள். முகமெல்லாம் சேறு. "அத்தான், அவ உங்களிட்ட என்ன கேட்டவ?"

"கை திருந்துமோ எண்டு."

"என்ன சொன்னியள்?"

"ஏலாது எண்டு சொன்னன்."

அவள் அவனை அடிப்பாள் என்றுதான் நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்கள்தானே திருத்தலாம் எண்டனியள்?" என்றாள். "நான் வேலையை விட்டனான், அத்தான். நாலு வருசம். நீங்கள்தானே சொன்னனியள்?"

அப்போதுதான் அவன் சொன்னான். சொக்ஸைப் பற்றி, மணிக்கட்டில் கட்டியதைப் பற்றி, அந்தக் குளிர்காலத்தைப் பற்றி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். கவிசா அசையாமல் கேட்டாள். மழை அவளுடைய தலைமயிரிலிருந்து கழுத்துக்குள் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"அப்ப நான் இடக்கையோ?" என்றாள் கடைசியில்.

"ஓம்."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் ஆனந்தராசா குடையைச் சரித்துக்கொண்டு அவர்களை நோக்கி வரத் தொடங்கியிருந்தார். கால் வழுக்குகிற புல்லில் ரோல்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, கிழவனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. ட்ரேசி கை குலுக்கியதை அவர் பார்த்திருந்தார்.

கவிசா அவர் வருவதைப் பார்த்தாள். பிறகு கார்த்திகன் பக்கம் திரும்பி அவசரமாக, "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ," என்றாள். "அந்த மனுசன் தாங்காது. சத்தியம் பண்ணுங்கோ."

"கவிசா..."

"சத்தியம் பண்ணுங்கோ, அத்தான்."

அவன் தலையசைத்தான்.

"என்னவாம்? எப்ப போகட்டாம்?" என்று கேட்டுக்கொண்டே ஆனந்தராசா வந்து சேர்ந்தார்.

"எடுக்கேல்லை அப்பா. வேற பிள்ளையை எடுத்திட்டினம்."

சிரிப்பு அவருடைய முகத்திலிருந்து உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அவர் ட்ரேசியைப் பார்த்தார், லேனாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியாகக் கார்த்திகனிடம் வந்தார்.

"தம்பி, நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. உம்மட சொல்லைத்தானே அவ கேக்கிறவ."

"கேட்டவ, மாமா. நான்தான் வேண்டாம் எண்டு சொன்னன்."

"நீரோ?" ஆனந்தராசா பெட்டியைப் புல்லில் வைத்தார். "ஏன்? சொந்தப் பிள்ளைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீர்? என்ன குறை அவளில?"

கார்த்திகனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. உங்களாலதான் மாமா என்ற ஒரு வசனம். அதைச் சொன்னால் தன் மேல் விழுகிற கல் இந்தக் கிழவன் தலையில் விழும். தான் நிமிர்ந்து நிற்கலாம். கவிசா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க விளையாட அவளுக்குத் திறமை காணாது, மாமா," என்றான்.

தன் காதுக்கே அது அந்நியமாகக் கேட்டது. இதுவரை எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்து இதே தீர்ப்பைச் சொல்லியிருக்கிறான். இவளுக்கு மட்டும்தான் அது அப்பட்டமான பொய்.

ஆனந்தராசா மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியே பிள்ளை, உன்ர அத்தான் சொல்லுறதை?"

"கேட்டனான் அப்பா," என்றாள் கவிசா. "அத்தான் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

அவள் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் தகப்பனின் முழங்கையைப் பிடித்து, வழுக்காமல் மெல்ல மெல்லக் கார் நின்ற பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.